இளைத்த குதிரைக்குக் கொள்ளு வைக்காதீர்கள்

(ஒடுகத்தூர் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, கைவிடப்பட்ட குதிரைகளைத் தேற்றித் தத்துக் கொடுத்துவருபவர், குதிரை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பாலாற்றங்கரையில் யாரோ அவிழ்த்துவிட்டுப் போன பெண் குதிரை ஒன்று நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். தெருக்காரர்கள் சேர்ந்து எங்கள் வீட்டு முன்னால் கட்டி, கொள்ளு வேகவைத்து வெல்லம் போட்டு வயிறாரக் கொடுத்தோம். இரண்டு நாள் நன்றாகத் தின்றது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் செத்துக் கிடந்தது. நாங்கள் என்ன தப்பு செய்தோம்? – வாசகி, காட்பாடி

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு கடிதம் எதையும் பிரிக்க மனசு வரவில்லை. எங்கள் கொட்டகைக்கு முதன்முதலில் வந்த செவலையும் இப்படித்தான் போனாள். நானும் கொள்ளுதான் வைத்தேன், ஆசையாகத்தான் வைத்தேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுதான். பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு முதலில் தன் கொழுப்பைத் தின்னும், அப்புறம் தன் சதையையே தின்னும், பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் இருப்பு தீர்ந்துபோய் நிற்கும். அந்த நேரத்தில் மாவுச்சத்தும் வெல்லமும் ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் திடீரென்று ஏறி, ரத்தத்தில் மிச்சம் மீதி இருக்கிற இந்தச் சத்துகளையும் இழுத்துக்கொண்டு திசுக்களுக்குள் போய்விடும். இதயம் துடிக்கவும் மூச்சு இழுக்கவும் வேண்டியது ரத்தத்தில் இருக்காது. முதல் இரண்டு நாள் குதிரை தெளிந்துவிட்ட மாதிரியே இருக்கும், தலையை ஆட்டும், கனைக்கும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சாய்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிறை முகாம்களில் பட்டினி கிடந்து மீண்ட மனிதர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது, வெளியே வந்து வயிறாரச் சாப்பிட்டவர்கள் அந்தச் சாப்பாட்டாலேயே இறந்திருக்கிறார்கள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எதிரில் நிற்பது குதிரை என்றதும் அந்தப் பழமொழி மறந்துபோய் கை நேராகக் கொள்ளு டப்பாவுக்குப் போகிறது.

சரி, என்ன கொடுக்கலாம்? குதிரை மசால், லூசர்ன் என்கிற தீவனப் பயிர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனங்களைக் கொடுத்துப் பார்த்து, காய்ந்த குதிரை மசால்தான் சிறந்தது என்று கண்டார்கள். மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம், தீர்ந்துபோன பாஸ்பரஸும் மெக்னீசியமும் அதிலேயே இருக்கிறது. 450 கிலோ குதிரைக்கு முதல் மூன்று நாள் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை கிலோவுக்குள்தான் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் ஜட்காக் குதிரைகள் இளைத்த நிலையில் 200, 250 கிலோதான் இருக்கும், அதற்குக் கால் கிலோ போதும். ராத்திரி 2 மணிக்கும் எழுந்து வைக்க வேண்டும். அது உங்களைப் பார்த்துக் கனைக்கும், காலால் தரையைத் தட்டும், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "பாவம், இன்னும் ஒரு கைப்பிடி போடேன்" என்பார்கள். போடக் கூடாது. நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பத்து நாள் கழித்துத்தான் வேண்டிய அளவு தின்ன விடலாம். கொள்ளு, தவிடு, ரொட்டி, வாழைப்பழம், வெல்லம் எதுவும் பல வாரத்துக்குக் கிட்டே வரக் கூடாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பழைய எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும்.

பூச்சி மருந்தும் முதல் நாளே வேண்டாம். வயிறு நிறையப் புழு இருக்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் குடல் அதைத் தாங்காது. கொஞ்சம் தேறட்டும், கால்நடை மருத்துவர் சாணத்தைப் பரிசோதித்துச் சொல்லட்டும்.

அந்தக் குதிரைக்குக் கடைசி ஐந்து நாள் நிழலும் தண்ணீரும் தொட்டுத் தடவ நாலு கையும் கிடைத்தன. கொண்டுவந்து ஆற்றங்கரையில் விட்டவர் இதைக்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த முறை எதைக் கண்டாலும் முதலில் 1962-க்கு போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மாட்டுக்காகக் கோ-4 தீவனப் புல் போட்டிருக்கிறேன், நன்றாக வருகிறது. தவிடும் வீட்டிலேயே இருக்கிறது. தத்தெடுத்த குதிரைக்கும் அதையே கொடுக்கலாம்தானே? – விவசாயி, குடியாத்தம்

கொடுக்காதீர்கள் அண்ணே. நம் மாவட்டத்தில் குதிரை வைத்திருப்பவர்களில் நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்கிற தவறு இதுதான், அதுவும் மாட்டை நன்றாக வளர்க்கத் தெரிந்தவர்கள்தான் செய்கிறார்கள்.

கோ-4 மாதிரி கம்பு நேப்பியர் புல்லிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். மாட்டுக்கு இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதன் குடலில் ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராமல் சாணத்தோடு போய்விடும். இதற்கு மேல் தவிடும் வைத்தால் கேட்கவே வேண்டாம், தவிட்டில் பாஸ்பரஸ் சுண்ணாம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல். உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்து ஈடுகட்டப் பார்க்கும். முதலில் இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று நொண்டும், சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்போம். அப்புறம் முக எலும்பு இரண்டு பக்கமும் புடைத்துக்கொள்ளும். சீமையில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்குத் தவிடு தின்று தின்றே இது வந்ததால் அந்தக் காலத்தில் மில்காரர் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அருகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. வரப்பில் அறுத்து வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். கிணற்றுப் பாசனம் இருப்பதால் பத்து சென்ட்டில் குதிரை மசால் போடுங்கள், ஒருமுறை விதைத்தால் பல அறுப்பு வரும். மல்லாட்டை (நிலக்கடலை) கொடி நம் பக்கம் மலை மாதிரி கிடக்கிறது, அதுவும் நல்ல தீவனம்தான். ஆனால் மழையில் நனைந்து கருத்துப் பூசணம் பிடித்த கொடியை ஒரு கைப்பிடிகூடப் போடாதீர்கள், மண்ணை நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். வைக்கோலைவிடக் கேவுரு (கேழ்வரகு) தாள் மேல். வைக்கோல் மட்டுமே தின்று தண்ணீர் குறைவாகக் குடித்தால் குடலில் அடைத்துக்கொள்ளும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இன்னொன்று. கோழித் தீவனம், மாட்டுத் தீவனம் எதையும் குதிரை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு நல்லது, குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத் தசையை அரித்துக் கொன்றுவிடும்.

எங்கள் போர் தண்ணீரைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. திமிரா? – வாசகர், ஆம்பூர்

திமிர் இல்லை, அதன் நாக்கு சொல்வது சரி. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் என்ன ஆனது என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம் அது. உப்பு ஏறிய தண்ணீரைக் குதிரை குறைத்துக் குடிக்கும், நம் வெயிலில் ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்க வேண்டிய உயிர் 10 லிட்டரோடு நிறுத்தினால் வயிற்றுவலி நிச்சயம். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அதுவரை வீட்டுக்கு வரும் குடிநீரையே வையுங்கள். தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி நிழலில் வையுங்கள், சுட்ட தண்ணீரை அது தொடாது.

வயிற்றுவலி என்றால் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னங்காலால் தரையைப் பறிக்கும், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து உருளும், சாணம் போடாது. வயிற்றில் காதை வைத்தால் கடமுட சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீர்கள்.

நான் வேலூரில் இருபத்தைந்து வருஷமாக ஜட்கா ஓட்டியவன். இப்போது சவாரி இல்லை, வாரத்துக்கு ஒரு நாள் மார்க்கெட் சுமை, எப்போதாவது மாப்பிள்ளை ஊர்வலம். குதிரைக்குக் குளம்பு நீண்டு நொண்டுகிறது. உங்களைக் கூப்பிட்டால் குதிரையைப் பிடுங்கிக்கொண்டு போலீசில் சொல்வீர்களா? – ஒரு குதிரைக்காரர்

அண்ணே, பேர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள், பயம் புரிகிறது. பிடுங்க மாட்டோம். எங்கள் கொட்டகையில் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்ததே ஒரு பழைய ஜட்காக்காரர்தான். ஷேர் ஆட்டோ வந்து உங்கள் பிழைப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது உங்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. தனக்கே ஒரு வேளை சோறு தள்ளாடும் வீட்டில் குதிரைக்கு முதலில் குறைவது குளம்பு பார்க்கும் செலவுதான். இதைக் கொடுமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. ஆனால் நொண்டும் குதிரையை வண்டியில் பூட்டினால் அது கொடுமைதான், அதையும் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்கிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. மாசக்கணக்கில் விட்டு முன்பக்கம் செருப்பு மாதிரி நீண்டுவிட்டால் அதை ஒரே நாளில் வெட்டித் தள்ளக் கூடாது, காலின் நரம்பும் தசைநாரும் அந்த நீளத்துக்கே பழகிப்போயிருக்கும். கொஞ்சம் வெட்டி, இரண்டு மூன்று வாரம் விட்டு, மறுபடி கொஞ்சம். முழுசாகப் புதுக் குளம்பு இறங்கி வர ஒரு வருஷம் ஆகும். மாட்டுக்கு லாடம் அடிப்பவரிடம் போகாதீர்கள், மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து அடிக்கிற வேலை வேறு, நிற்கிற குதிரையின் காலை மடியில் வாங்கிச் செய்கிற வேலை வேறு. உள்ளங்குளம்பில் முக்கோணமாக இருக்கிற சதையைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்ட நாற்றம் அடித்தால் அழுகத் தொடங்கிவிட்டது, ஈரத்தில் நிற்க விடாதீர்கள். சூடு மட்டும் போடாதீர்கள். நொண்டிய காலுக்குச் சூடு போட்டால் சரியாகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வலிக்கு மேல் வலி, வேறு ஒன்றும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியில் ஓட்டுகிற குதிரைகளுக்கும் காசு வாங்காமல் குளம்பு பார்க்கிறோம். வண்டியை அவிழ்த்துவிட்டு மெதுவாக நடத்திக் கூட்டிவாருங்கள், நடக்க முடியாவிட்டால் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். வைத்துக்கொள்வதா, எங்களிடம் விடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். விடுவதாக இருந்தால் எழுதி வாங்கிக்கொள்வோம், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பார்க்க வருகிறவர்கள் இரண்டு பேர் இப்போதும் வருகிறார்கள்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1965-ம் வருஷத்து விதிகளின்படி வண்டி இழுக்கும் விலங்கை ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. கத்திரி வெயிலில் வேலூர் 40-ஐ எத்தனை நாள் தாண்டுகிறது என்பது வண்டி ஓட்டிய உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். முள் வைத்த கடிவாளமும் தடை. நான் பார்த்த ஊர்வலக் குதிரைகளில் பாதிக்கு மேல் நாக்கில் வெட்டுக் காயம் இருந்தது.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போயிருந்தேன். அழகழகான குதிரைகளுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஒன்று நின்றது. விலை கொடுத்து வாங்கிக் காப்பாற்றலாமா? – கல்லூரி மாணவர், வாணியம்பாடி

தம்பி, இந்தக் கேள்விக்குக் குதிரை காப்பவர்களுக்குள்ளேயே இரண்டு பதில் உண்டு. 1930-களில் எகிப்தின் கெய்ரோவில் டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, முதல் உலகப் போரில் ராணுவம் விற்றுவிட்டுப் போன குதிரைகள் கிழடாகி வண்டியிழுத்துச் சாவதைப் பார்த்து, பணம் திரட்டி ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை தேற முடியாத நிலை, அவற்றுக்கு வலியில்லாத முடிவு கொடுத்தார். 1934-ல் அங்கேயே ஒரு மருத்துவமனையும் தொடங்கினார். அவர் வாங்கியவை போர்க்குதிரைகள், அந்தக் கூட்டம் ஒரு நாள் தீர்ந்துபோகும்.

சந்தையில் நிற்பது அப்படி இல்லை. இளைத்த குதிரைக்கும் விலை கிடைக்கிறது என்று தெரிந்தால் அடுத்த ஆடிக்கு இரண்டு இளைத்த குதிரை வரும். அதனால் நாங்கள் காசு கொடுத்து வாங்குவதில்லை. இதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு, ஒரு குதிரையை அப்படி விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் தூங்காமலும் இருந்திருக்கிறேன், ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, அங்கேயே இருக்கும் கால்நடைத் துறையினரிடமும் காவல் துறையிடமும் எழுத்தில் புகார் கொடுப்பது. படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். 1960-ம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் தீனி போடாமல் வைப்பதும் கைவிடுவதும் குற்றம்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள், ஐம்பது ரூபாய். இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று உங்கள் வயசுப் பிள்ளைகள் சத்தம் போட்டால் ஒரு குதிரையை வாங்குவதைவிடப் பெரிய காரியம்.

எங்களிடம் இருக்கிற குதிரைக்குக் கண்ணுக்குக் கீழே சுழி இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது, விற்றுவிடு என்கிறார் மாமியார். – வாசகி, போளூர்

சுழி பார்ப்பது நம் ஊரில் பழைய வழக்கம், மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுழியால் கொட்டகைக்கு வந்த குதிரைகளை வளர்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். சுழி என்பது மயிர் வளரும் திசை. குட்டி வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடுகிறது, நம் உச்சந்தலையில் இருக்கிறதே, அதே மாதிரி. நல்ல சுழி என்று விலை ஏற்றியும் கெட்ட சுழி என்று விலை குறைத்தும் லாபம் பார்ப்பது தரகர்கள். பஞ்சகல்யாணி என்றால் நாலு கால் வெள்ளைக்கும் நெற்றி வெள்ளைக்கும் லட்சம் கேட்பார்கள், அதே குதிரைக்குச் சுழி சரியில்லை என்று சொல்லி அடிமாட்டு விலைக்கும் கேட்பார்கள்.

எங்களிடம் இருந்த ராசாத்திக்கு நெஞ்சில் சுழி. மூன்று கை மாறி வந்தவள், மூன்று வீட்டிலும் ஏதோ ஒரு கஷ்டம் வந்ததாம், எந்த வீட்டில்தான் வராது? இப்போது ஆரணி பக்கம் ஒரு ஆசிரியர் வீட்டில் இருக்கிறாள். போன பொங்கலுக்குப் பார்க்கப் போனேன், கொம்புக்கு வர்ணம் அடித்த மாடுகளுக்கு நடுவே அவளுக்கும் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். மாமியாரை ஒரு நாள் தீனி வைக்கச் சொல்லிப் பாருங்கள். கையிலிருந்து வாங்கித் தின்ற பிறகு மனசு மாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மகளுக்கு 12 வயசு, குதிரை ஓட்ட ஆசை. உங்களிடம் ஒன்றைத் தத்தெடுக்க என்ன செய்ய வேண்டும், என்ன விலை? – வாசகர், ஆற்காடு

விலை கிடையாது. ஆனால் நிறையக் கேள்வி கேட்போம், கோபப்படக் கூடாது.

முதல் கேள்வி, பத்து வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்? எங்களிடம் இருப்பதில் பாதி 12, 15 வயசுக் குதிரைகள். நன்றாக வைத்தால் 25 வயசைத் தாண்டும். உங்கள் மகள் 22 வயசில் எங்கேயோ விடுதியில் படித்துக்கொண்டிருப்பாள், குதிரை உங்கள் தோட்டத்தில்தான் நிற்கும். ஆசை மகளுடையதாக மட்டும் இருந்தால் போதாது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒருவருக்காவது இருக்க வேண்டும்.

இரண்டாவது, துணை. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி, தனியாகக் கட்டினால் ஏங்கி மரத்தைக் கடிக்கும், ஒரே இடத்தில் நின்று ஆடிக்கொண்டே இருக்கும். இன்னொரு குதிரை இருந்தால் ரொம்ப நல்லது, இல்லாவிட்டால் ஒரு கழுதை, அதுவும் இல்லாவிட்டால் ஆடு. அதனால் நாங்கள் ஜோடி சேர்ந்துவிட்ட குதிரைகளைப் பிரித்துக் கொடுப்பதில்லை. வேலியில் முள்கம்பி இருந்தால் எடுத்துவிட வேண்டும். பயந்து ஓடும் குதிரை கம்பியைப் பார்க்காது, நம் பக்கத்துத் தோட்டங்களில் கிழிந்த நெஞ்சோடு வந்தவற்றுக்கு எத்தனை தையல் போட்டிருக்கிறோம் தெரியுமா! பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி நிழல், காற்றோட்டம், வழுக்காத மண் தரை. கெங்கையம்மன் சிரசு, மயானக் கொள்ளை திருவிழாக்களுக்கு வெடி போடும் நாட்களில் கொட்டகையில் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கை நீங்களே போடலாம். 300 கிலோ குதிரைக்குத் தினம் 6 கிலோவாவது காய்ந்த தீனி, எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு, வருஷத்துக்கு ஒருமுறை பல் ராவுவது, தவறாமல் டெட்டனஸ் ஊசி. குதிரைக்கு டெட்டனஸ் மற்ற கால்நடைகளைவிடச் சீக்கிரம் வரும், ஒரு ஆணி போதும். பல்லை ஏன் ராவ வேண்டும் என்றால், கடைவாய்ப் பல் ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் பல் வலிக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் சவாரி. ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. சில குதிரைகளின் முதுகு வண்டியிலேயே போய்விட்டது, அவற்றில் யாருமே ஏறக் கூடாது, கூட நடக்கலாம், தேய்த்துவிடலாம். அப்படி ஒன்றை முதலில் எடுக்கச் சொல்லித்தான் நான் எல்லா வீட்டிலும் கேட்பேன், சம்மதிக்கிறவர்கள் குறைவு, சம்மதித்தவர்களிடம் போன குதிரை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

கொட்டகைக்கு வந்து ஆறு மாதம் ஆகும் முன்னால் நாங்கள் எந்தக் குதிரையையும் தத்துக் கொடுப்பதில்லை. 1983-ல் ஹென்னெக் என்ற அமெரிக்கர் குதிரையின் சதைப்பிடிப்பைத் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். வரும்போது 1, 2-ல் இருக்கும், 5-க்கு வர வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். உடம்பு 5-க்கு வந்தாலும் மனசு வர இன்னும் நாளாகும். கையைத் தூக்கினாலே தலையைப் பின்னுக்கு இழுக்கிற குதிரையைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆண் குதிரைகளுக்குக் காயடித்துத்தான் கொடுப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது, நாலு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வந்து சாணம் அள்ளுங்கள். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல் போடும், உங்கள் நிலத்துக்கு நல்ல உரம். அந்த நாலு வாரத்தில் எந்தக் குதிரை உங்களுக்கு என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது, அதுவே வந்து உங்கள் மகள் தோளில் மூக்கை வைக்கும். அதன் பிறகு எழுத்தில் ஒப்பந்தம். விற்கக் கூடாது, ஊர்வலத்துக்கும் பந்தயத்துக்கும் விடக் கூடாது, முடியாமல் போனால் எங்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் மாதமும் மூன்றாம் மாதமும், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சொல்லாமல் வந்து பார்ப்போம்.

குதிரையிடமிருந்து மனிதருக்கு நோய் வருமா? – வாசகர், ராணிப்பேட்டை

வரும், கிளாண்டர்ஸ். மூக்கில் கெட்டியாகச் சளி, மூக்குக்குள் புண், காலின் உள்பக்கம் வரிசையாகக் கட்டி. மனிதருக்குத் தொற்றினால் உயிர் போகலாம். அதனால் புதிதாக வரும் எந்தக் குதிரையையும் மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டி, வாளி, பிரஷ், துணி எல்லாம் தனியாக வைக்க வேண்டும். ரத்தத்தை அரசு கால்நடை மருத்துவர் மூலம் ஹரியானா மாநிலம் ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பலாம். நோய் உறுதியானால் சிகிச்சை கிடையாது, 2009-ம் வருஷத்துச் சட்டப்படி அரசே அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்யும், மறைக்கக் கூடாது. 1932 முதல் கால்நடைகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கிற நிலையம் இருக்கிற ஊர் உங்களுடையது, ஆனால் கிளாண்டர்ஸுக்கு எங்கேயும் தடுப்பூசி கிடையாது.

குதிரை நின்றுகொண்டே தூங்குமா மாமா? – ஐந்தாம் வகுப்பு மாணவி, அணைக்கட்டு

தூங்கும் கண்ணு. அதன் காலில் தசைநார் ஒரு பூட்டு மாதிரி மாட்டிக்கொள்ளும், விழாமல் நின்றபடியே கண் அசரும். ஆனால் நல்ல ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு அரை மணி நேரமாவது. பயம் இருக்கிற இடத்தில் குதிரை படுக்காது, படுத்தால் சட்டென்று எழுந்து ஓட முடியாதே. எங்கள் கொட்டகைக்கு வரும் குதிரைகள் முதலில் பல நாள் படுக்கவே படுக்காது. நின்றுகொண்டே தூங்கித் தூங்கி முட்டி மடங்கி விழப்போய் முழித்துக்கொள்ளும், முட்டியில் காயம்கூட ஆகும்.

இந்தப் பங்குனியில் வந்த வெள்ளையன் பதினாறு நாள் படுக்கவில்லை. பதினேழாம் நாள் விடியற்காலை 4 மணிக்குத் தீனி வைக்கப் போனபோது காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். செத்துவிட்டானோ என்று பதறி டார்ச் அடித்தேன், காது மட்டும் அசைந்தது. வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன், அன்றைக்கு அவனுக்குத் தீனி ஒன்றரை மணி நேரம் லேட். அப்பாவோடு வந்தால் காட்டுகிறேன். மத்தியானம் வா, அப்போதுதான் வேப்பமரத்தடியில் படுக்கிறான்.